ஸ்கோர் அட்டையில் இல்லாத பெயர்

குளுவாங்கிலிருந்து பேசுகிறேன். இங்கே பள்ளித் திடலில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தே பல வருடம் ஓடிவிட்டது. மட்டையைக் கொடுத்தால் ஓடி வருவார்கள். பீல்டிங் என்றால் முகம் சுருங்கிவிடும். அப்போது எல்லாரையும் புல்லில் உட்காரவைத்து லால் சிங் கதையை எடுப்பேன்.

1909-இல் கோலாலம்பூரில் பிறந்தவர் லால் சிங். சீக்கியர், நம் மலாயா மண்ணின் பிள்ளை. 1932-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போனார். ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், இந்தியா ஆடிய முதல் டெஸ்ட். கேப்டன் சி.கே. நாயுடு.

கோப்பியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இங்கிலாந்தின் தொடக்க ஜோடி ஹோம்ஸ், சட்கிளிஃப். பத்தே நாளுக்கு முன்னால் யார்க்‌ஷயருக்காக முதல் விக்கெட்டுக்கு 555 ஓட்டம் சேர்த்தவர்கள். இருவரின் ஸ்டம்பையும் இந்தியாவின் முகமது நிசார் பெயர்த்துவிட்டார். 11 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட். பிறகு பிராங்க் ஊலி. நாற்பத்தைந்து வயது, அனுபவத்தில் ஊறிய கை. அவர் ஓட்டத்துக்கு ஓட, லால் சிங் பந்தை எடுத்து எறிய, ஊலி வெளியே! 19-க்கு மூன்று. லார்ட்ஸ் எப்படி அசந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அட்டையில் இருந்ததோ ‘ஊலி, ரன் அவுட், 9’. அவ்வளவுதான். ஒருநாள் இதைக் கேட்ட சின்னப் பையன் ஒருவன், “அப்ப லால் சிங் பேரை யாரும் எழுதலையா சார்?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அன்று முதல் எங்கள் ஸ்கோர் புத்தகத்தில் ரன் அவுட் விழுந்தால், எறிந்த பிள்ளையின் பெயரும் பக்கத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். பீல்டிங் பயிற்சிக்கு இப்போது யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

அந்த டெஸ்டில் லால் சிங் எடுத்தது 15, 29. இரண்டாவது இன்னிங்ஸில் அமர் சிங்கோடு எட்டாவது விக்கெட்டுக்குச் சுமார் நாற்பது நிமிடத்தில் 74 சேர்த்தார். இந்தியா 158 ஓட்டத்தில் தோற்றது. அதற்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. 1985-இல் கோலாலம்பூரிலேயே கண்மூடினார்.

நேரமாகிவிட்டது நேயர்களே. கோலாலம்பூர் போனால், மெர்டேக்கா சதுக்கத்துப் பழைய பாடாங் திடல் ஓரமாக ஒரு நிமிடம் நின்று, கூட வரும் பிள்ளைகளிடம் லால் சிங் பெயரைச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.