பணம் கொடுக்கும் அந்த ஒரு நிமிடம்

(உத்தமபாளையம் வட்டாரத்தில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கைக்குழந்தையோடு வந்திருக்கிற அம்மாக்களுக்கும், பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிற அம்மாச்சி, அப்பத்தாக்களுக்கும் தனியாக ஒரு வணக்கம். குழந்தை அழுதால் அழட்டும், யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம். இன்றைக்குப் பேச்சே அவர்களைப் பற்றித்தான்.

"காய்கறி வாங்கப் போறதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று வாசலில் ஒரு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் நானும் என் அக்காவும் மளிகை வாங்கப் போனோம். அக்கா குழந்தைக்கு அப்போது பத்து மாசம். நான் எண்ணெய் டின்னை வெளியே வண்டியில் வைக்கப் போய்விட்டேன். அக்கா ஒரு கையில் கட்டைப்பை, இடுப்பில் பிள்ளை. பணம் கட்ட போனை எடுக்கணும். "ஒரு நிமிஷம்தானே" என்று பிள்ளையைக் கல்லா மேசை மேல் உட்கார வைத்தாள். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தாள், ரகசிய எண்ணை அழுத்தினாள். அவ்வளவுதான் நேரம். பிள்ளை தராசைப் பார்த்துத் தாவியது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பிடித்துவிட்டார்கள். கீழே சிமெண்ட் தரை.

அன்றைக்கு ராத்திரி அக்கா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் புள்ள மேல இருந்து கண்ண எடுக்கவே இல்லன்னுதாண்டி நெனச்சேன்."

குழந்தையோடு கடைக்குப் போகும்போது நமக்குப் பெரிய பயம் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றித்தான். ஆனால் பல விபத்துகளுக்கு வெளியாள் யாரும் தேவையில்லை. நம்முடைய இரண்டு கையும் ஒரே நேரத்தில் நிறைந்துவிட்டால் போதும். கவனக்குறைவான அம்மாவுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். கை இரண்டுதானே இருக்கிறது? அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே மூன்றாவது கைக்கு ஏற்பாடு செய்துகொள்ளணும். இன்றைக்கு நான் சொல்லப்போவது இது ஒன்றுதான்.

முதலில் போகிற வழி. நம்ம பக்கம் கணவர் ஓட்ட, மனைவி பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் பிள்ளை, கையில் பை என்று போவதைத் தினமும் பார்க்கிறோம். மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் ஒரு திருத்தம் வந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை டூவீலரில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும், அளவான ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த பிள்ளை என்றால், அதை டூவீலரில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கம்பமோ, சின்னமனூரோ, தேனியோ, பிள்ளையோடு போகிற நாளில் அந்தப் பேருந்தைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, பிள்ளையைக் கூட்டிப் போகத்தான் வேண்டுமா? ரேஷன் கடைக்கு அம்மாதான் வரணும் என்று இல்லை. அட்டையில் பெயர் உள்ள வீட்டுப் பெரியவர் யார் வேண்டுமானாலும் கைரேகை வைத்து வாங்கலாம். கடை திறந்திருக்கிறதா, சரக்கு வந்திருக்கிறதா என்பதைப் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் பார்த்துவிட்டே போகலாம். மூடிய கடை வாசலில் பச்சைப்பிள்ளையோடு வெயிலில் நிற்கிற வேலை மிச்சம். மளிகைக் கடைக்காரரிடம் சாமான் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கட்டி வைத்துவிட்டுச் சொல்வார், போய் எடுத்து வந்தால் போதும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறுகிற அக்காமார்களுக்கு இது கூடுதல் உதவி. பிள்ளையைப் பார்க்கிற அம்மாச்சி கடைக்கும் அலைய வேண்டியதில்லை.

சந்தைக்குப் போயே ஆகணும் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். வெயிலும் குறைவு, நெரிசலும் குறைவு. ஆனி, ஆடியில் நம்ம பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை வாரி இறைக்கும். தூசிக்குப் பயந்து பிள்ளை முகத்தைத் துண்டால் முழுசாக மூடிவிடாதீர்கள். காற்று வருகிற பக்கம் உங்கள் முதுகைக் காட்டி நில்லுங்கள். துணித்தூளியில் மார்போடு கட்டித் தூக்குகிறவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். பிள்ளை முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியணும், மூக்கு துணியில் அழுந்தக் கூடாது, தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது.

இப்போது நம்ம ஊர்ப் பெருமை ஒன்றைப் பற்றி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் பிள்ளையைப் பார்த்ததும் கடைக்கார அண்ணன் பாசமாக ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் வைப்பார். தயவு செய்து "வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். முழுத் திராட்சை ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழலை அப்படியே அடைத்துவிடும் அளவு. கழுவாத பழத்தில் மருந்துத் தெளிப்பும் இருக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகும், ஐந்து வயது வரை, திராட்சையைக் கழுவி, விதை எடுத்து, நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்கணும். வேர்க்கடலைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதை முழுசாகக் கொடுக்கவே வேண்டாம்.

அப்படியும் அடைத்துவிட்டால்? பிள்ளை இருமினாலோ சத்தமாக அழுதாலோ மூச்சு போகிறது என்று அர்த்தம், இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால், போனை ஸ்பீக்கரில் போட்டு 108-ஐ அழையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிள்ளை துவண்டுவிட்டால் 108-இல் பேசுகிறவர் சொல்கிறபடி செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும்.

தேனி மாதிரி ஊர்களில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி வந்துவிட்டது. அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரை மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இந்த வண்டிகளால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 15 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 24,000 பேருக்கு மேல். பத்தில் ஏழு பேர் வண்டியிலிருந்து விழுந்தவர்கள். நம்ம கடை வண்டி பலவற்றில் பெல்ட்டும் இருப்பதில்லை. ஆகவே வண்டி சாமானுக்கு, இடுப்பு பிள்ளைக்கு.

"ஏசி போட்டுட்டுப் போறேன், தூங்குற புள்ளய எழுப்ப வேணாம்" என்று காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வண்டியை அணைத்துவிட்டால் வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு வேகமாகச் சூடாகும்.

பசித்து அழுதால் ஒதுங்க இடம் தேட வேண்டாம். 2015-இல் தமிழ்நாடு முழுக்க 352 பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கேளுங்கள். பூட்டியிருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

நடக்கத் தொடங்கிய பிள்ளை என்றால், கிளம்பும்போது போட்டிருக்கிற உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் அழுதுகொண்டு அடையாளம் சொல்ல வேண்டாம், போனைக் காட்டினால் போதும். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவிக்கு 112. 'காவல் உதவி' செயலியையும் இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தக் கல்லா மேசைக்கே திரும்ப வருகிறேன். பணம் கட்டும்போது ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பை தரைக்கு, பிறகு போன் கைக்கு. பிள்ளை இடுப்பை விட்டு இறங்கவே கூடாது. ஒரு கையால் முடியவில்லையா, "அண்ணே, ஒரு நிமிசம் பொறுங்க" என்று சொல்லுங்கள். பின்னால் நிற்கிறவர் முனகினால் முனகட்டும்.

பின்னால் நிற்கிறவர்களாக நாமும் இருப்போம் இல்லையா? அன்றைக்கு அக்கா பிள்ளையைப் பிடித்த அம்மா யார், எந்த ஊர் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பதற்றத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை. அடுத்த முறை கடையில் கைப்பிள்ளையோடு ஒருத்தி திண்டாடுவதைப் பார்த்தால், "பைய இங்கிட்டுக் குடும்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த மூன்றாவது கை உங்களுடையதாக இருக்கட்டும்.