இணையத்தில் பிடியரிசி: விளையாட்டின் வழியே அறநிதி

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

உலை வைப்பதற்கு முன்னர் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, சேர்ந்ததை அறப்பணிக்கு வழங்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. அவ்வழக்கத்தின் சிறப்புகள் இரண்டு. கொடுப்பவர்க்கு அது பாரமாகத் தோன்றுவதில்லை. அரிசி எந்தக் கலயத்திலிருந்து எந்த உலைக்குச் செல்கிறது என்பதும் அனைவரும் அறிந்ததே. பள்ளிகளுக்கும் அறநிலையங்களுக்கும் நிதி திரட்டும் பொருட்டு இணைய விளையாட்டுகளை உருவாக்கலாம் என்னும் எண்ணம் கணினி பயின்ற இளைஞர்களிடம் தோன்றுவது இயல்பு. வரவேற்கத் தக்கதும் ஆகும். ஆயினும், அவ்விளையாட்டிலும் அரிசி யாருடைய கலயத்திலிருந்து வருகிறது என்பது முதலில் தெளிவாதல் வேண்டும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கப்பெற்ற ‘ஃபிரீரைஸ்’ என்னும் விளையாட்டாகும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிரீன் என்னும் கணினி வல்லுநர் இதனை உருவாக்கினார். தம் மகன் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களைப் பயில்வதற்கு உதவ முற்பட்டதிலிருந்தே இவ்விளையாட்டு பிறந்தது. திரையில் ஒரு சொல் தோன்றும். அதன் கீழ் நான்கு பொருள்கள் இருக்கும். சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தபோது 10 அரிசிமணிகள் பசித்தோர்க்கு என்று ஒதுக்கப்பெற்றன. முதல் நாளில் சேர்ந்தவை 830 மணிகள் மட்டுமே. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 48 மணிகள் என்ற கணக்கில் பார்த்தால், அது 20 கிராம் அளவுகூட இல்லை. எனினும் அம்மாத முடிவிற்குள் 500 மில்லியனுக்கும் மேற்பட்ட மணிகள் சேர்ந்தன. அது 10 டன்னுக்கும் அதிகமான அரிசியாகும். பின்னர் புவியியல், கணிதம் எனப் பாடங்களும் விரிந்தன. 2009ஆம் ஆண்டு பிரீன் அதனை ஐக்கிய நாடுகள் அமைப்பின் உலக உணவுத் திட்டத்திற்கு அன்பளிப்பாக வழங்கிவிட்டார்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விடை கூறிய மாணவன் பணம் கொடுக்கவில்லை. அவனது விடையும் தானே அரிசியாக மாறிவிடவில்லை. அவன் பார்த்த பக்கத்தில் விளம்பரம் செய்த நிறுவனங்களே பணம் செலுத்தின. அப்பணத்தைக் கொண்டே உலக உணவுத் திட்டம் அரிசி வாங்கிற்று. ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு 400 கிராம் அரிசி எனக் கொண்டால் அது 19,200 மணிகளாகும். அதாவது, ஒருவர் ஒரு நாள் பசியாற 1,920 சரியான விடைகள் வேண்டியிருந்தன. இக்கணக்கைக் கேட்டு எவரும் சோர்ந்துவிடத் தேவையில்லை. கணக்கு வெளிப்படையாக இருந்ததனாலேதான் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளை நம்பிக்கையோடு விளையாட விட்டனர்.

பணம் வரும் வழி வேறு விதமாகவும் அமையலாம். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, சிங்கா நிறுவனத்தின் ‘பார்ம்வில்’ முதலிய விளையாட்டுகளில், திரையில் மட்டுமே காணத்தக்க பயிர் முதலான பொருள்களை மக்கள் காசு கொடுத்து வாங்கினர். ஐந்து நாள்களில் 1.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகமாக நிவாரண நிதி சேர்ந்தது. அங்கே கொடுத்தவர் விளையாடியவரே ஆவார். மூன்றாவது வழி, இந்நாட்டுப் பள்ளிகளில் நன்கு அறிமுகமான ‘ஜோகத்தான்’ ஓட்டத்தை ஒத்தது. பிள்ளை ஓடும் சுற்றுக்கு இவ்வளவு என்று உற்றார் உறவினர் வாக்களிப்பது போல, பிள்ளை கூறும் விடைக்கு இவ்வளவு என்று வாக்களிப்பதாகும்.

சிறுதுளிகளைச் சேர்த்துக் கல்விக்கு வழங்கும் மரபு இம்மண்ணில் முன்னரே வேரூன்றியதாகும். 1950களில் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் முரசு’ நாளிதழின் வழியே ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை நூலகத்திற்காக அந்நிதி எழுந்தது. எளிய மக்களும் அதற்கு வாரி வழங்கினர். பணம் எதற்கு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதே அதன் வலிமையாகும்.

இனி, ஆலயமோ பள்ளியோ இத்தகைய விளையாட்டை உருவாக்க முற்படின், கருத்திற்கொள்ள வேண்டியவை சில உள.

முதலாவது, நிரல் எழுதுவதற்கு முன் புரவலரைத் தேடுதல். ஒரு சிறு கணக்கைக் காண்போர்க்கு இது விளங்கும். 100 மாணவர்கள் நாள்தோறும் 10 சரியான விடைகள் கூறினால் 1,000 விடைகள் ஆகும். விடைக்கு ஒரு சென் என்றால் நாளொன்றுக்கு 10 ரிங்கிட். 60 பள்ளி நாள்களுக்கு 600 ரிங்கிட். அந்த 600 ரிங்கிட்டை எழுத்து வடிவில் உறுதியளிக்கும் வணிகர் ஒருவர் கிடைத்த பின்னரே விளையாட்டைத் திறத்தல் முறையாகும். உறுதியளித்த தொகை முடிந்துவிட்டால், திரையில் அதனைத் தெளிவாக அறிவித்துவிட வேண்டும். பயன் ஏதுமின்றி ஒரு பிள்ளையை மேலும் விடை கூறச் செய்வது, அப்பிள்ளையின் நல்லெண்ணத்தை ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது, சூதின் சாயல் படியாதிருத்தல். பணம் கட்டுதல், அதிர்ஷ்டத்தை நம்புதல், பரிசு பெறுதல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடின் அது விளையாட்டு என்னும் எல்லையைக் கடந்துவிடும். மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டமும், சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உள்ளன. நற்பணிக்கு என்று சொல்வதனால் மட்டும் சட்டம் விலகி நிற்பதில்லை. நிதி திரட்டுவதற்கு வேண்டிய அனுமதிகளையும் முன்கூட்டியே பெறுதல் நன்று.

மூன்றாவது, பிள்ளைகளின் விவரங்களைக் காத்தல். விளையாடுவதற்குப் புனைபெயரும் வகுப்பும் போதுமானவை. முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் ஆகியவற்றைக் கேட்காதிருப்பதே பாதுகாப்பு. சேகரிக்காத விவரம் களவு போவதில்லை.

நான்காவது, கணக்கைப் பொதுவில் வைத்தல். இதுவரை கூறப்பெற்ற விடைகள், புரவலர் செலுத்திய தொகை, அத்தொகை சென்று சேர்ந்த இடம் ஆகிய மூன்றும் விளையாட்டின் முதல் பக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். உண்டியல் திறப்பின்போது பலர் முன்னிலையில் எண்ணுவது போன்றதே இதுவும். தானாக விடை கூறும் நிரலை எவரேனும் ஏவிவிட்டுப் பொய்க் கணக்கு காட்டாதிருக்க, ஒரு நாளைக்கு ஒருவர்க்கு இத்தனை விடைகள் என்னும் வரம்பும் தேவை.

‘அந்த 600 ரிங்கிட்டை வணிகர் நேரடியாகக் கொடுத்துவிடலாமே, இடையில் விளையாட்டு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். பணம் ஒன்றே நோக்கமாயின் காசோலையே சுருக்கமான வழியாகும். விளையாட்டை உருவாக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவு, திரளும் நிதியைக் காட்டிலும் மிகுந்துவிடவும் கூடும். ஆதலால், பெருநிதி வேண்டும் கட்டடப் பணிக்கு இவ்வழி பொருந்தாது. ஆனால், தமிழ்ச் சொல்லும் திருக்குறளும் கணிதமும் நாள்தோறும் பத்துக் கேள்விகளாக ஒரு பிள்ளையின் நெஞ்சில் பதியுமாயின், அக்கல்வியே முதல் வருவாய். தன் உழைப்பினால் தன் பள்ளி நூலகத்திற்கு ஒரு நூல் வந்தது என்று அப்பிள்ளை அறிவது இரண்டாவது வருவாய். 600 ரிங்கிட் மூன்றாவதே. இவ்வரிசையை மாற்றாமல் காப்பவர்களே இத்தகைய விளையாட்டை நெடுநாள் நடத்த இயலும்.

எனவே, ஒரு பள்ளி, ஒரு பாடம், ஒரு புரவலர், ஒரு பருவம் என்று சிறிதாகத் தொடங்குவதே சாலச் சிறந்தது. கணினி அறிந்த இளைஞர்கள் நிரலை அமைக்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் கேள்விகளைத் தொகுக்கட்டும். ஆலய நிர்வாகத்தில் கணக்கறிந்த பெரியோர் வரவு செலவைச் சரிபார்க்கட்டும். மூவரும் கூடிச் செய்தால், பாட்டிமார் கலயத்தில் இட்ட பிடியரிசி பேரப்பிள்ளைகளின் கணினித் திரையிலும் தொடரும்.

கல்வி வளர்க! அறம் தழைக்க!