மனைத் தச்சுப் பட்டறைக்கு இழைப்பு யந்திரம் தெரிதல்

(நம் சங்கத்தின் மேட்டூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று மயன் மரபின் பெருமையைக் குறித்து யாம் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் முதலில் விரும்பினார்கள். அப்பெருமையை நம் கூட்டங்களிற் பலமுறை கேட்டாயிற்று; அதனாற் பசி தீர்ந்தவர் எவரையும் யாம் கண்டிலோம். ஆதலின் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றோம். நம் வாலிபர்கள் சிலர் மரவாடிகளிலும் பிறர் பட்டறைகளிலும் கூலிக்கு நின்றது போதுமென்று, வீட்டுத் தாழ்வாரத்திலேயே சொந்தப் பட்டறை வைக்க முற்பட்டிருக்கின்றனர். அவர்கள் எம்மிடம் வந்து கேட்கும் முதற் கேள்வி, "ஐயா, எந்த இழைப்பு மிஷின் வாங்கலாம்?" என்பதே. கேள்வி சிறிது. ஆனால் அதற்குத் தவறான விடை கிடைத்தால் கடனும் மிஞ்சும். சிலருக்கு விரலும் மிஞ்சாது.

மின்விசைக்கு நம் ஊர் அந்நியமன்று. அணை 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் அடியிலுள்ள மின் நிலையம் 1937-இல் வேலை தொடங்கியது. அவ்வணை கட்டி முடிந்தபோது சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஸ்டான்லி துரையின் பெயரே அதற்கு வழங்குகிறது. நம் முன்னோர் சிலர் பொன்போற் பாதுகாத்த அமெரிக்க இரும்பு இழைப்புளியின்மேலும் ஸ்டான்லி என்றே பொறித்திருக்கும். இரண்டும் ஒருவர் பெயரே என்று இளமையில் யாம் நம்பியிருந்தோம்; அவருக்கும் இவருக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

அந்த இழைப்புளியிலிருந்தே தொடங்குவோம். ஸ்டான்லி 7-ஆம் எண் இழைப்புளியின் நீளம் 22 அங்குலம். சிற்றிழைப்புளியால் ஒரு பலகையை எவ்வளவு நேரம் இழைத்தாலும் அது பலகையின் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிச் செல்லுமேயன்றி நேராக்காது. நீண்ட இழைப்புளியோ பள்ளத்தைத் தொடாமல் மேட்டின்மேல் மட்டும் தங்கி அதனைச் சீவும். மேடு தீர்ந்த பின்னரே முழு நீளச் சுருள் வரும். நேராக்குவது கத்தியன்று, கத்தியைத் தாங்கும் அடிப்பாகத்தின் நீளமே. ஜாயிண்டர் என்றும் சர்பேஸ் பிளேனர் என்றும் சொல்லப்படும் யந்திரம், இந்த நீண்ட இழைப்புளியைக் கவிழ்த்து வைத்ததே ஆகும். நடுவே கத்தி பதித்த உருளை சுழல்கிறது. பின்மேசை கத்தியின் உச்சிக்குச் சமமாக நிற்கிறது. முன்மேசை எவ்வளவு சீவ வேண்டுமோ அவ்வளவு தாழ்ந்து நிற்கிறது. இரண்டு மேசைகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். இவ்வளவே அதன் சூட்சுமம்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். கனம் இழைக்கும் யந்திரம், அஃதாவது திக்னஸர், வேறு. அது பலகையின் மேல்முகத்தை அடிமுகத்திற்குச் சமாந்தரமாக்கும். அடிமுகம் வளைந்திருந்தால் மேல்முகத்தையும் அவ்வாறே வளைந்ததாகச் செய்து, ஒரே கனமுள்ள கோணற் பலகையை நம் கையிற் கொடுக்கும். வேப்பம் பலகையை அதில் பத்து முறை விட்டும் முறுக்கு நீங்கவில்லையென்று ஓர் இளைஞர் எம்மிடம் குறைப்பட்டார். நீங்காது. முதலில் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் ஜாயிண்டரில் நேராக்கி, அதன் பின்பே கனத்திற்கு விட வேண்டும்.

இனி அளவு. கடைக்காரர் முதலிற் சொல்வது அகலம்: 6 அங்குலம், 9 அங்குலம், 12 அங்குலம் என்று. வாங்குவோரும் அகலம் மிகுந்தால் மதிப்பு மிகுமென்று எண்ணுகின்றனர். நம் வீட்டுப் பட்டறைகளில் நடக்கும் வேலை யாது? கதவு, ஜன்னல், நிலை, கட்டில், அலமாரி. கதவுச் சட்டத்தின் அகலம் 4 அல்லது 5 அங்குலம். நீளமோ 7 அடி. அதற்கு 6 அங்குல அகலம் போதும். ஆனால் மேசை நீளமாக இருக்க வேண்டும். மேசைகள் இரண்டும் சேர்ந்த நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளமுள்ள மரத்தை நேராக்கலாமென்பது தொழிலாளர் வழக்கிலுள்ள கணக்கு. 7 அடிச் சட்டத்திற்குக் குறைந்தது மூன்றரை அடி மேசை வேண்டுமென்றாகிறது. அனுபவத்தில் 5 அடி இருந்தாற்றான் மனம் நிம்மதியாயிருக்கும். அகன்ற பலகை வந்தால் அதனை இரண்டாக அறுத்து, இழைத்து, ஒட்டிக்கொள்ளலாம். குறுகிய மேசையை நீட்டிக்கொள்ள வழியில்லை. உருளைக் கட்டைகளை இரு பக்கமும் நிறுத்தி நீட்டுவோர் உளர். அவை மரத்தின் பாரத்தைத் தாங்குமேயன்றி அதனை நேராக்கா.

இதனை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம். பல வருஷங்களுக்கு முன் 12 அங்குலக் கலப்பு யந்திரம் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினோம். இழைப்பு, கனம், வட்ட ரம்பம், துளை எல்லாம் ஒன்றிலேயே என்று விற்றவர் சொன்னார். அதன் அகலத்தைக் கண்டு அயலார் வியந்தனர். அதில் இழைத்து ஒட்டிய தேக்குக் கதவொன்றைத் தை மாதத்தில் ஒரு புதுமனைக்கு மாட்டினோம். சித்திரை வெயிலில் நடுப் பொருத்து வாய் திறந்தது. மரம் ஈரமென்றோம், பசை பழையதென்றோம், வீட்டுக்காரர் கதவை ஓங்கிச் சாத்தினார் என்றுகூடச் சொன்னோம். பிறகு ஒருநாள் நீண்ட எஃகுச் சட்டத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தபோது, முன்மேசையின் வெளிநுனி தொங்கிப்போய், ஒரு மூலை மற்றொன்றைவிடத் தாழ்ந்திருந்தது. அம்மேசையில் நேரான விளிம்பு ஒருநாளும் பிறந்ததில்லை. பொருத்துகளை இறுக்கி மூடியவை எம் பிடிக்கருவிகளே. இறுக்கத்தால் மூடிய பொருத்து வெயிலில் தன் இயல்பைக் காட்டிற்று. கதவை வேறு மரத்தில் திரும்பச் செய்து கொடுத்தோம். வீட்டுக்காரர் எம்மை மன்னித்தார், கடன் மன்னிக்கவில்லை.

ஆகவே வாங்கப் போகும்போது பணப்பையோடு மூன்றடி நேர்ச்சட்டம் ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். முன்மேசையைப் பின்மேசைக்குச் சமமாக உயர்த்தச் சொல்லி, சட்டத்தை நீளவாட்டத்திலும், மூலைக்கு மூலை குறுக்கேயும் வைத்துப் பாருங்கள். அடியில் செய்தித்தாள் துண்டு எங்காவது தாராளமாக நுழைந்தால், ஏனென்று கேளுங்கள். மரத்தைச் சாய்த்துத் தள்ளும் கைடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு மேசையே உத்தமம். தகட்டை மடக்கிச் செய்தது நாளடைவில் அசையும்.

இதற்கும் மேலான சோதனை ஒன்றுண்டு. மூன்றடிப் பலகை இரண்டைக் கொடுத்து, அவற்றின் விளிம்புகளை அந்த யந்திரத்திலேயே இழைக்கச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்தி வெளிச்சத்தின் எதிரே பிடியுங்கள். யந்திரத்தின் பிழை இரு பலகையிலும் ஏறுவதால் இடைவெளியில் இரட்டிப்பாகத் தோன்றும். மேற்பலகை நடுவிலே தங்கி இரு நுனியும் ஆடினால் அது மேடு, ஒட்டுவதற்கு உதவாது. நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் குற்றமில்லை, ஒட்டும்போது அடங்கும். ஒட்ட வேண்டிய பலகைகளில் ஒன்றை நல்முகம் கைடுக்கு உள்ளாகவும் மற்றதை வெளியாகவும் வைத்து இழைத்தால், கைடின் சிறு சாய்வு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இதனை அறியாத பட்டறைகள் நம்மில் இன்னும் பல.

கலப்பு யந்திரத்தை யாம் முற்றும் வெறுப்பவரல்லோம். இடமும் பணமும் குறைந்தவர்க்கு அதன் சௌகரியம் தெரியும். ஆனால் மலிவானவற்றில் வட்ட ரம்பத்தைக் கத்தி உருளையின் அச்சிலேயே மாட்டியிருப்பார்கள். அவ்வாறாயின் ஒருவர் மரம் அறுக்கும்போது பக்கத்தில் கத்தியும் திறந்தவாறே சுழன்றுகொண்டிருக்கும். குழந்தைகள் நடமாடும் தாழ்வாரத்திற்கு அது ஏற்றதன்று. கூடுமானால் ஜாயிண்டரைத் தனியே வாங்குக; கனத்திற்கு மரவாடியில் கூலி கொடுத்துக்கொள்ளலாம். விளிம்பு நேராக்குவதை மட்டும் மரவாடிக்கு விடாதீர்கள். அங்கே இழைத்த மரம் வண்டியேறி வீடு வந்து ஒரு வாரம் சுவரிற் சாய்ந்து கிடந்தபின் மீண்டும் வளைந்துபோகும். இழைத்த அன்றே ஒட்டுவதற்காகவே சொந்த யந்திரம் வேண்டும்.

மோட்டார்: 6 அங்குலத்திற்கு 1 குதிரைத்திறன் போதும். அஃது 746 வாட். ஓடும்போது சிறிதே மின்சாரம் இழுத்தாலும் தொடங்கும் கணத்தில் அதனைப்போல் பல மடங்கு இழுக்கும். மெல்லிய பழைய கம்பியுள்ள வீடுகளில் விளக்கு மங்குவது அதனாலேயே. தனிக் கம்பி இழுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தாமல், குடிசைத் தொழிலுக்குரிய கட்டண வகுப்பை மின்சார அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விரலைப் பற்றி. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்போரிலும் ஒன்றிரண்டு கைகள் குறையுள்ளவை, அவர்கள் மன்னிக்க. முற்காலத்துக் கத்தி உருளை சதுரமாயிருந்தது. மேசையின் இடைவெளி அகன்றிருந்தமையால், நழுவிய கையை அது உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. வட்ட உருளையில் வாய் குறுகியது. நழுவினால் நுனியே போகும். இங்கிலாந்தில் 1922-ஆம் ஆண்டின் மரவேலை யந்திர விதிகள், கையால் தள்ளும் இழைப்பு யந்திரத்திற்கு வட்ட உருளையே வேண்டுமென்று கட்டளையிட்டன. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளிலும் அக்கட்டளையும், கத்தி வாயை மூடும் காப்புப் பற்றிய கட்டளையும் இடம்பெற்றன. ஆயினும் அச்சட்டம் மின்விசையோடு 10 பேரேனும் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலையென்று கொண்டது. தகப்பனும் மகனும் வேலை செய்யும் தாழ்வாரத்திற்கு எந்த இன்ஸ்பெக்டரும் வந்ததில்லை. பழைய சதுர உருளை யந்திரம் மலிவாகக் கிடைக்கிறதென்று எவரேனும் சொன்னால் அதனை இரும்பு விலைக்கும் வாங்காதீர்கள்.

காப்பைக் கழற்றிச் சுவரில் மாட்டிவைப்பது நம்மவரில் ஒரு பழக்கம், வேலை தாமதமாகிறதாம். ஓர் அடிக்குக் குறைந்த துண்டை ஜாயிண்டரில் விடாதீர்கள். கைப் புளியால் இழையுங்கள். மெல்லிய பலகையை வெறுங்கையால் அழுத்தாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேற் சீவ ஆசைப்படாதீர்கள். வேம்பு, வாகை போன்ற பின்னல் நாருள்ள மரங்களில் எதிர்வாட்டத்தில் விட்டால் கத்தி மரத்தைப் பிய்த்து எறியும். பிய்ந்தெறியும் கணத்திலேதான் கை நழுவுகிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசாங்கம் 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் விதிகள், கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் என்று அறிவித்தன. 35 வயது நிரம்பியவர்க்கே என்றமையால் மகனுக்கு வேண்டிய யந்திரத்திற்குத் தந்தை மனுச்செய்யும்படி ஆயிற்று. இன்ன குலத்தாராயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிலில்லை என்று நம் சங்கத்தில் சிலர் வருந்தினர். எமக்கு அவ்வருத்தமில்லை. நம் பட்டறைகளில் இன்று நம்மைவிட நேராக இழைக்கும் பிற குலத்து இளைஞர் உளர். நம் பிள்ளைகளிலும் பலர் உளியைத் தொடாமலே நன்றாக வாழ்கின்றனர். மனுச்செய்வோர் அந்நாளில் நடப்பிலுள்ள விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிக.

யாம் அன்று ஏமாந்த யந்திரத்தில் இழைத்த பலகை இரண்டும், இப்போதுள்ள 6 அங்குல யந்திரத்தில் இழைத்தவை இரண்டும் மேடையருகே இருக்கின்றன. வாயிற்பக்கம் வெயில் இன்னும் இருக்கிறது. இளைஞர்கள் எடுத்துச் சென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.