முளைப்பாரி எதற்காக?

அம்மன் கோயில் முளைப்பாரி, விதையின் தரம் பார்க்க முன்னோர் கண்ட வழி என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயறு முளைக்குமா என்று பார்க்க ஈரத்துணியில் முடிந்து வைத்தால் போதும். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். முளைப்பாரியையோ ஒரு வாரத்துக்கும் மேலாக, வெயில் படாத அறையில், எருவும் மண்ணும் இட்ட சட்டியில் நீர் தெளித்து வளர்க்கிறார்கள். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகாமல் தளிர் வெளிர்மஞ்சளாக நீண்டு நிற்கும். வயலுக்கு அது உதவாது. கடைசியில் குளத்திலோ ஆற்றிலோ கரைத்தும்விடுகிறார்கள்.

அப்படியானால் வெறும் சடங்குதானா என்று கேட்கலாம். இல்லை. மழையை நம்பி வாழும் ஊர், செழிப்பு வேண்டும் என்பதை வளர்த்தே காட்டி வேண்டுகிறது; பெண்கள் கும்மியடித்துப் பாடி முளைப்பாரியைக் காக்கிறார்கள். அந்தக் காரணமே போதும். அறிவியல் முத்திரை குத்தும் அவசரத்தில் அந்தப் பெண்களின் உழைப்பையும் பாட்டையும் பேசாமலே விட்டுவிடுகிறோம்.