மெயில் பெட்டியையும் ஒப்படைக்க வேண்டும்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் கயிறு மாற்றிய செலவை நாம் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டினோம். அது பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அடக்கம் என்று அந்த நிறுவனம் முன்பு மெயிலில் எழுதியிருந்தது. ஆனால் அந்த மெயில் பழைய செயலாளரின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். பாஸ்வேர்ட் அவருக்கே நினைவில்லை. தவறு அவருடையது அல்ல. சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிய நாம், மெயிலைக் கேட்கவில்லை.

இலவச மெயில் நிரந்தரமில்லை. இந்தியாடைம்ஸ் மெயில் 2013-இல் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். கூகுளில் 2 வருடம் திறக்காத தனிநபர் கணக்கை அவர்கள் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. இலவச இடமும் 15 ஜிபிதான். போட்டோ, டிரைவ், மெயில் மூன்றுக்கும் சேர்த்து.

எடுத்து வைப்பது எளிது. கம்ப்யூட்டரில் 'கூகுள் டேக்அவுட்' பக்கத்தைத் திறங்கள். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, 'மெயில்' மட்டும் டிக் செய்யுங்கள். குறிப்பிட்ட லேபிள் மட்டும் போதுமென்றால் அதையும் தேர்ந்தெடுக்கலாம். சில மணி நேரத்திலோ, பெட்டி பெரிதென்றால் சில நாட்களிலோ டவுன்லோட் லிங்க் வரும். அது சுமார் ஒரு வாரம்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள்.

வருவது 'எம்பாக்ஸ்' என்ற வகைக் கோப்பு. இணைப்புகளும் அதற்குள்ளேயே இருக்கும். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் இம்போர்ட் செய்து படிக்கலாம். நாலைந்து மெயிலைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். அதற்கு முன் அசலை அழிக்க வேண்டாம்.

பிரதி இரண்டு வேண்டும். ஒன்று பொருளாளரிடம், ஒன்று மாடி வீட்டில். ஏன் மாடி? மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். சங்கத்துக்கென்று தனி மெயில் முகவரி இருக்கட்டும். மெட்ரோ வாட்டர், மின்வாரியம், மாநகராட்சி 4-வது மண்டல அலுவலகம் என எல்லாக் கடிதமும் அதிலேயே போய்வரட்டும். நிர்வாகிகள் மாறும்போது பாஸ்வேர்டையும் மீட்பு போன் நம்பரையும் மாற்றி, ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்து வாங்குவோம்.

உங்கள் வீட்டு பி.எஃப்., இன்சூரன்ஸ் மெயில்களுக்கும் இதே வழிதான். ஞாயிறு மாலை சங்க அறையில் லேப்டாப்போடு இருப்பேன். பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வேண்டாம். நீங்களே டைப் செய்யுங்கள். மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்.