தெருவுக்கும் ஹக்கு உண்டு

 

 

நம் வீட்டு வாசற்படிக்கும் ஊரின் பெருந்தெருவுக்கும் இடையில் கிடக்கும் சில கெஜ தூரத்தைப் பற்றி இந்த ஜும்ஆவில் பேச விரும்புகிறேன். பத்துப் பதினைந்து வீடுகளுக்கு மட்டும் பொதுவாக அமைந்த சந்து, மனைப்பிரிவின் உட்தெரு, கடைசியில் ஒரு மதிலில் போய் முட்டி நிற்கும் முட்டுச்சந்து ஆகியவையே நம் பேச்சின் பொருள். அவற்றில் தரை பெயர்ந்து கிடக்கிறது. இருபுறமும் வாகனங்கள் நிற்கின்றன. நடந்து செல்பவர் நடுவில் நெளிந்து செல்கிறார்.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், அவற்றில் கடைநிலையில் உள்ளது பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதென்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. இதனைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவை முள்ளும் கல்லும்தாம். நாமே காசு கொடுத்து வாங்கி வந்து பாதையில் நிறுத்தி வைத்திருக்கும் பொருள் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

பன்னிரண்டு அடி அகலமுள்ள ஒரு சந்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இது குறுகிய சந்து அன்று. நடுத்தரமான ஒரு காரின் அகலம் ஏறத்தாழ ஐந்தரை அடி. கதவைத் திறப்பதற்காக மதிலிலிருந்து அரை அடி தள்ளி அதனை நிறுத்தினால் மீதம் இருப்பது ஆறு அடி. அவசரத்திற்கு அழைத்தால் வரும் 108 ஊர்தியின் அகலமோ ஏறத்தாழ ஆறரை அடி. அதாவது, அந்தச் சந்தின் முகப்பில் ஒரே ஒரு கார் நின்றுவிட்டால் போதும். உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் பெரியவருக்கும் ஊர்திக்கும் இடையே கதவடைத்ததற்குச் சமம். எதிர்ப்புறத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் நின்றால் வழி இன்னும் குறுகும். ஜனாஸாவின் சந்தூக்கை இருபுறமும் தோள் கொடுத்துச் சுமப்பவர்கள் அந்த இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம். அச்சமயம் கார்க்காரரைத் தேடி ஆள் ஓடுகிறது. அவரோ தொழுகையில் இருப்பார், அல்லது வெளியூரில் இருப்பார்.

இதையெல்லாம் நவீன காலத்துத் தொல்லையென்றே பலர் எண்ணுகின்றனர். நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், முன்னோர்கள் இதனை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். பாதையின் அளவில் கருத்து வேறுபாடு எழுந்தால் அதனை ஏழு முழமாக வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஏழு முழம் என்பது ஏறத்தாழ பத்தரை அடி. மோட்டார் வாகனமே இல்லாத காலத்தில், மண்ணாலும் ஈச்ச மட்டையாலும் வீடு கட்டிய மக்களுக்குச் சொல்லப்பட்ட அளவு இது. நம் பன்னிரண்டு அடியில் காருக்கு ஆறு அடியைக் கொடுத்துவிட்டு மிஞ்சுவதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் தெருவை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, ஊடுருவிச் செல்லும் பொதுத்தெரு. அது எல்லோருக்கும் உரியது. நடப்பவருக்கு இடையூறு தரும் எதனையும் அதில் அமைக்கக் கூடாது. திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும்கூடத் தடை. மேல்மாடத்தை வெளியே நீட்டினால், நிமிர்ந்து நடப்பவர் அதன் கீழே செல்லும் உயரம் வேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியாயின், சுமை ஏற்றிய ஒட்டகம் தன் சிவிகையோடு செல்லும் உயரம் வேண்டும். மதரஸாவில் இந்தப் பாடம் வரும்போது, நம் ஊருக்கு ஒட்டகம் எங்கிருந்து வரப்போகிறதென்று மாணவர்கள் புன்னகைப்பதுண்டு. ஆனால் சட்டத்தின் உட்பொருளைக் கவனியுங்கள். அன்றாடம் வருகின்ற சிறியதை வைத்து வழியை அளக்கவில்லை. என்றாவது வரக்கூடிய பெரியதை வைத்தே அளந்தார்கள். நம் காலத்தில் அந்த ஒட்டகத்தின் இடத்தில் 108 ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் நிற்கின்றன.

மற்றொன்று, ஊடுருவாத முட்டுச்சந்து. அது யாருடைய வாசல் அதனுள் திறக்கிறதோ அவர்களுடைய கூட்டுச் சொத்து. மதில் மட்டும் அதனை ஒட்டியிருப்பவருக்கு அதில் பங்கில்லை. பங்காளிகளுள் ஒருவர் மற்றவர்களின் சம்மதமின்றி அதில் எதையும் நீட்டுவதற்கு அனுமதியில்லை. நீட்டியதால் இடையூறு ஏற்பட்டதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை, ஏனெனில் பொருள் பிறருக்கும் உரியது. வீட்டுக்குள் வாகனம் நிறுத்தக் கட்டிய இடத்தைக் கடையாகவோ வாடகை அறையாகவோ மாற்றிவிட்டு, காரைப் பொதுச் சந்தில் நிரந்தரமாகக் குடியேற்றும் சகோதரர் இதனைச் சிந்திக்கட்டும். வாடகை அவருக்கு வருகிறது. அதற்கான இடத்தைத் தந்தவர்கள் அண்டை வீட்டார். அவர்களிடம் அவர் கேட்டாரா? வாசலின் முன் மூன்றடி நீளத்துக்குச் சிமெண்டுச் சரிவு கட்டி வடிகாலை மூடியவருக்கும் இதே கேள்விதான்.

சரி, பெயர்ந்து கிடக்கும் தரையை யார் சீர்செய்வது? “நகராட்சி பார்த்துக்கொள்ளும்” என்கிறோம். அங்கே சென்றால், “அது தனியார் தெரு, எங்கள் பதிவேட்டில் இல்லை” என்கிறார்கள். தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அனுமதி பெறும்போது அதன் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு ஒப்படைக்கப்படாத தெருவுக்குப் பொதுப் பணத்தைச் செலவிட அதிகாரிகள் தயங்குவதில் வியப்பில்லை. ஆகவே ஒருவரையொருவர் ஏசுவதற்கு முன், தெரு யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆவணத்தில் பாருங்கள். எல்லோரும் ஒப்பினால் ஒப்படைத்துவிடலாம். அதன்பின் அது ஊரார் அனைவரின் வழியாகும். ஒப்படைக்க மனமில்லையெனில் செலவைப் பங்காளிகளே ஏற்க வேண்டும்.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது. முதல் வீட்டுக்காரர், “நான் இரண்டு எட்டில் பெருந்தெருவுக்குப் போய்விடுவேன், கடைசிவரை தரை போட நான் ஏன் பணம் தரவேண்டும்?” என்கிறார். கடைசி வீட்டுக்காரர், “எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள்” என்கிறார். இந்த வழக்கும் பழையதே. அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் 1869 முதல் 1876 வரை உஸ்மானிய ஆட்சியில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத்தில் இதற்குத் தீர்வு உண்டு. பழுதுபார்த்தல் சந்தின் வாயிலிருந்து தொடங்கும். ஒவ்வொருவரும் தம் வீடு வரையிலான பகுதிக்கே பங்களிப்பார். கடைசி வீட்டுக்காரர் எல்லாப் பகுதிக்கும் பங்களிப்பார். மூன்று வீடுகள், மூன்று சம பகுதிகள், பகுதிக்கு முப்பதாயிரம் ரூபாய் செலவென்று கொள்வோம். முதல் பகுதியை மூவரும், இரண்டாவதை இருவரும், மூன்றாவதைக் கடைசி வீட்டார் மட்டும் ஏற்றால், முதல் வீட்டுக்குப் பத்தாயிரம், நடு வீட்டுக்கு இருபத்தையாயிரம், கடைசி வீட்டுக்கு ஐம்பத்தையாயிரம் வரும். ஒவ்வொருவரின் பங்குரிமையும் சந்தின் வாயிலிருந்து அவரவர் வாசல் வரைதான் என்பதே ஷாஃபிஈ மத்ஹபிலும் சரியான சொல்லென மின்ஹாஜ் கூறுகிறது.

முதல் வீட்டார் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். இந்தச் சட்டங்களை நம் இமாம்கள் எந்தப் பாடத்தில் வைத்தார்கள் தெரியுமா? ‘கிதாபுஸ் ஸுல்ஹு’, அதாவது சமாதானப் பாடத்தில் வைத்தார்கள். விட்டுக்கொடுத்துச் சமமாகப் பகிர மனமிருந்தால் அதுவே மேல். முதல் வீட்டு வாசலில்தான் எல்லோருடைய வண்டியின் புழுதியும் விழுகிறது என்பதைக் கடைசி வீட்டாரும் நினைக்க வேண்டும். பணம் தர இயலாத விதவைத் தாயின் பங்கை மற்றவர்கள் ஓசையின்றிப் பகிர்ந்துகொள்ளலாம். சுவரில் ஒட்டும் வசூல் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் எழுதாதீர்கள். ஜகாத் பணத்தை இதற்குத் தரலாமா எனச் சிலர் கேட்கின்றனர். பெரும்பான்மையான இமாம்களின் கருத்துப்படி சாலை போட ஜகாத் கூடாது. ஸதகா தாராளமாகச் செய்யலாம்.

பணம் சேர்ந்ததும் அவசரப்பட்டுத் தரையைப் போட்டுவிடாதீர்கள். முதலில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், வடிகால் வேலைகளை முடியுங்கள். பழைய தரையின் மேலேயே புதிய தரையை அடுக்கினால் ஏழையின் தாழ்ந்த வீடு மழைநீரில் மூழ்கும். இந்தக் காரணத்தாலேயே 2021ஆம் ஆண்டில் தமிழகத் தலைமைச் செயலாளர், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை போட வேண்டுமென அறிவுறுத்தினார். அரசுச் சாலைக்குச் சொன்ன அந்த நியாயம் நம் சந்துக்கும் பொருந்தும். குழாய் பழுதானால் பெயர்த்து மீண்டும் பதிக்கலாம் என்பதால், கான்கிரீட்டைவிடப் பேவர் பிளாக் கல் சந்துகளுக்கு ஏற்றதென்பது என் எண்ணம். ஆனால் கல்லின் தடிமனில் ஏமாறாதீர்கள். 2006இல் வெளியான இந்தியத் தரநூல், வாகனம் வராத இடத்துக்கு 50 மி.மீ., இலேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ., நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. என வகுத்தது. முற்றத்துக்குரிய 50 மி.மீ. கல்லைத் தெருவில் பதித்தால், தண்ணீர் லாரி ஒருமுறை வந்து போனதும் உடையத் தொடங்கும். கல்லுக்குக் கீழே ஜல்லி இட்டு நன்றாக இடித்து இறுக்கிய அடித்தளம் இல்லையென்றால் எந்தக் கல்லும் நிற்காது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நீர் ஓடும் சரிவு வேண்டும். பன்னிரண்டு அடிச் சந்தில் ஒன்றே முக்கால் அங்குலம் போதும். பளபளக்கும் வழுக்குக் கல்லை மட்டும் தெருவில் பதிக்காதீர்கள். சுப்ஹு நேரத்தில் ஊன்றுகோலுடன் பள்ளிக்கு வருபவர் மழை ஈரத்தில் அதன்மீதுதான் கால் வைக்க வேண்டும். அதே நேரத்துக்காகத் தெருமுனையில் ஒரு விளக்கும் எரியட்டும்.

தரை சீரானதும் வேறொரு சோதனை வரும். பள்ளம் இருந்தவரை மெதுவாக வந்த வண்டிகள் இனிப் பறக்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்றும் ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. மனிதர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடத்தில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதென்று 2020இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகள் வலியுறுத்தின. குழந்தைகள் விளையாடும் சந்துக்கு அதுவும் மிகுதி. நடக்கும் வேகமே பொருத்தமானது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்துக் குடியிருப்புத் தெருக்களில் தொடங்கிய ஒரு முறை 1976இல் சட்டமாகவே ஆனது. அங்கே தெரு முழுவதும் நடப்பவருக்கும் குழந்தைகளுக்கும் உரியது. கார் விருந்தாளியைப் போல் மெல்ல வரவேண்டும்.

வேகத்தைத் தடுக்கிறோம் என்று இரவோடு இரவாகச் சிமெண்டுக் கட்டை ஒன்றை எழுப்பி விடுகிறார்களே, அது புதிய தொல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடைய மெல்லிய மேடு. செங்குத்தான கட்டையில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் இருக்கும் கர்ப்பிணி தூக்கி எறியப்படுவார். சந்தின் வாயில் இரும்புக் கதவிட்டுப் பூட்டுவதும் சரியன்று. பெருந்தெருவில் நெரிசல் ஏற்பட்டால் வழிப்போக்கர் தனிச்சந்தில் ஒதுங்க உரிமை உண்டு, ஆகவே அதன் வாயை அடைக்கலாகாது என்று அதே மஜல்லா கூறுகிறது. தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டிலிருந்து கார் பின்னோக்கி வெளியேறும்போது குழந்தை உங்கள் கைப்பிடிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை கண்ணாடியில் தெரியாது. பெற்ற தகப்பனின் வண்டியிலேயே பிள்ளை அடிபடும் செய்திகள் வரத்தான் செய்கின்றன.

இனி, நம் பள்ளிவாசலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜும்ஆவுக்குத் தாமதமாக வந்து, அடுத்தவர் வாயிலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு முதல் ஸஃப்பைத் தேடி ஓடுகிறோம். அந்த வீட்டில் ஒரு மாற்று மதத்துச் சகோதரர் குடியிருக்கக் கூடும். இஸ்லாத்தைப் பற்றி அவர் அறிவது நம் புத்தகத்தைப் படித்தன்று. வெள்ளிக்கிழமை நண்பகல் தம் வாயிலில் நிற்கும் வண்டியைப் பார்த்துத்தான். போர்ப் பயணத்தில் கூடாரம் அடித்தவர்கள் பாதையை நெருக்கிப் பிறர் வழியை அடைத்தபோது, அப்படிச் செய்தவருக்கு ஜிஹாதின் நற்கூலி இல்லையென்று நபி (ஸல்) அவர்கள் அறிவிக்கச் செய்த செய்தி அபூதாவூதில் உள்ளது. ஜிஹாதுக்குச் சென்றவர் நிலையே அதுவென்றால், பாதையை அடைத்துவிட்டு ஜும்ஆவுக்கு ஓடி வருபவர் தம் நிலையை எண்ணிப் பார்க்கட்டும். பள்ளி நிர்வாகிகள் வெள்ளிதோறும் இரண்டு இளைஞர்களைத் தெருமுனையில் நிறுத்தினால் நன்று. அவர்கள் குத்பாவைத் தவறவிடாதபடி வாகனங்களை முன்கூட்டியே ஒழுங்கு செய்யட்டும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பின் உங்கள் சந்தின் பங்காளிகள் ஒன்றுகூடுங்கள். பெண்கள் மட்டும் வசிக்கும் வீடாயின் அவர்களுடைய கருத்தையும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் அளவு நாடாவைக் கொண்டு வாருங்கள். மதிலுக்கு மதில் அளந்து, 108 ஊர்தி தடையின்றிச் செல்ல எட்டடி வழியை ஒதுக்கித் தரையில் சுண்ணாம்புக் கோடு இழுங்கள். கோட்டுக்கு உள்ளே எவருடைய வாகனமும், மணற்குவியலும், பூந்தொட்டியும் இருக்கக் கூடாதென ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இடம் போதாத கார்களுக்கு, பக்கத்துக் காலி மனையை எல்லோரும் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். தாளை முதலில் கடைசி வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். வழி அடைபட்டால் அவர்கள்தாம் மிக நீண்ட தூரம் நோயாளியைச் சுமந்து வர வேண்டியிருக்கும்.