தன் வண்டியைத் தானே செப்பனிடல்

(குன்னூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி, சிக்கனம், கலியாணச் செலவு என்பன பற்றி இம்மேடையில் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் மிகச் சிறியதாகத் தோன்றும். அது சைக்கிளின் பிரேக்கைப் பற்றியது. ஆயினும் உயிரையும் பற்றியதாகலின், சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

இளம்பிராயத்தில் நாம் ஒரு மாலை தொட்டபெட்டா சந்திப்பிலிருந்து உதகை நோக்கிச் சைக்கிளில் இறங்கினோம். பிரேக் கம்பியின் இழைகள் சில நாட்களாகவே ஒவ்வொன்றாய்ப் பிரிந்துகொண்டிருந்தன. கண்ணால் கண்டோம், ஆனால் அதன் பொருளை அறிந்தோமில்லை. வளைவில் கம்பி அறுந்தது. கற்பூர மரத்தடியிலிருந்த மண்மேடு தடுத்திராவிடில் இன்று உங்கள் முன் நின்று பேச நாம் இருந்திருக்க மாட்டோம். முழங்கை முறிந்து ஆறு வாரம் கிடந்தோம். புதுக்கம்பியின் விலையோ மிகச் சொற்பம். ஆகவே நம்மை வீழ்த்தியது வறுமையன்று, அறியாமையே.

நமது மலை ரயிலைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் வந்த அவ்வழியில், 12½ அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் உண்டு. தண்டவாளத்தின் நடுவேயுள்ள பற்சட்டத்தைப் பற்றியே எஞ்சின் ஏறுகின்றது. அவ்வளவும் போதாதென்று, பெட்டிதோறும் பிரேக்கைக் கவனிக்க ஓர் ஆள் நிற்கின்றார். மலையில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து என்பதை அதனை அமைத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். நமது சைக்கிளுக்கோ பிரேக்மேன் வேறொருவர் இல்லை. ஓட்டுகின்றவரே அவ்வுத்தியோகத்தையும் வகிக்க வேண்டும்.

நமது ஜில்லாவில் இரு பருவங்களிலும் மழை. மற்ற நாளில் பனி. நனைந்த எஃகு ரிம்மில் ரப்பர்க் கட்டை வழுக்கும். நெடுஞ்சரிவில் விடாது அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு. சமவெளியில் பிரேக் தளர்ந்தால் காலை ஊன்றி நிற்கலாம். இங்கே பள்ளத்தாக்கைத்தான் காண நேரிடும். அரசினர் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்கிய வண்டிகள் சில, செயின் துருவேறித் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடப்பதை நம்மவர் வீடுகளிலேயே பார்க்கின்றோம். துடைத்து எண்ணெயிட ஒரு கை இல்லாமையால் அவை இரும்பு விலைக்குப் போகின்றன.

இதற்குப் பிற தேசத்தார் கண்ட உபாயம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2002-ஆம் ஆண்டில் சில நண்பர்கள், ஒரு குடியிருப்பில் உபயோகமின்றிக் கிடந்த சமையலறையில் கருவிகளை வைத்து, வருவோர் தம் சைக்கிளைத் தாமே செப்பனிடக் கற்பித்தனர். ஆதலின் அதற்குச் ‘சைக்கிள் சமையலறை’ என்று பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கும் முன்னரே, 1983 முதல், ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இத்தகைய சுயசகாயப் பட்டறை ஒன்று நடந்து வருகின்றது. இவற்றின் நோக்கம் இலாபமன்று. கருவி பொது, கற்பித்தல் இலவசம் அல்லது அற்பக் கட்டணம், கையில் எண்ணெய் படவேண்டியவர் மட்டும் வண்டிக்காரரே.

நமது மலைக்கும் சைக்கிள் புதிதன்று. 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ என்னும் நெடும்பயணத்தார், 36 கொண்டை ஊசி வளைவுகளையுடைய கல்லட்டிப் பாதையிலும் மிதித்து ஏறியிருக்கின்றனர். அவர்களுடன் துணை வண்டியும் மெக்கானிக்கும் வருவதுண்டு. நமது பிள்ளைகளின் பின்னே யார் வருகின்றனர்?

ஆகலின் நாம் வேண்டுவது இதுவே. சங்கக் கட்டிடத்தின் பின்புற அறையை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் திறந்து வைப்போம். காற்றுப் பம்பு, ஸ்பேனர்கள், ஸ்போக் சாவி, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு தொட்டித் தண்ணீர் ஆகியவை ஆரம்பத்திற்குப் போதும். முதற்பாடம் பிரேக் கம்பியும் கட்டையும். இரண்டாவது பஞ்சர்: உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவினால், அது உலரும்வரை காத்திருந்தே ஒட்டவேண்டும், அவசரக்காரர் ஒட்டியது வழியிலேயே விட்டுவிடும். மூன்றாவது செயின்: 24 கணு சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும், மாகாணி அங்குலம் நீண்டாலே மாற்றிவிட வேண்டும், இன்றேல் பற்சக்கரத்தையும் தின்றுவிடும். இடப்பக்கத்துப் பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதறியாமல் பலம் கொண்ட மட்டும் முறுக்கி மரையைக் கெடுத்தோர் நம்மில் எத்தனை பேர்!

இதற்குச் சிலர் கூறும் ஆட்சேபங்களையும் கவனிப்போம். “படித்த பிள்ளை கையில் கிரீஸ் பூசுவதா?” என்பர். தன் உயிரைத் தாங்கும் வண்டியைத் துடைப்பது எவ்வாறு இழிவாகும்? “சைக்கிள் கடைக்காரர் பிழைப்புக் கெடும்” என்பர். எஞ்சியிருக்கும் அம்முதியவர்களையே ஆசிரியர்களாக அழைத்துச் சன்மானம் அளிப்போம். கோட்டம் எடுத்தல் போன்ற நுட்ப வேலைகள் என்றும் அவர்களுக்கே உரியன. “பெண்களுக்கு எதற்கு?” என்பர். 1991-ஆம் ஆண்டில் தொடங்கிப் புதுக்கோட்டை ஜில்லாவில், ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டராயிருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். சந்தைக்கும் வேலைக்கும் அவர்கள் எவரையும் எதிர்பாராது சென்றனர். ஓட்டக் கற்றவள் செப்பனிடவும் கற்றாலன்றோ அச்சுதந்திரம் பூர்த்தியாகும்?

கடைசியாக, “இது நம்மவருக்கு மட்டுந்தானே?” என்று ஓர் அன்பர் நம்மைத் தனியே கேட்டார். இச்சபையிலேயே விடையளிக்கின்றோம். சங்கம் நமது, சாலை எல்லாருடையது. பிரேக் அறுந்து வரும் சைக்கிள், எதிரே வருபவர் எக்குலத்தவர் என்று விசாரித்து மோதுவதில்லை. தோட்டத் தொழிலாளியின் மகனும் நம் மகளும் ஒரே சரிவில்தான் இறங்குகின்றனர். ஆகையால் அவ்வறையின் கதவு எல்லாருக்கும் திறந்திருத்தல் வேண்டும். அதற்கு ஒப்பாவிடில், இத்தீர்மானத்தையே நாம் திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

அங்கத்தினர்களே! பெருநிதி வேண்டியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு ஸ்பேனரை அடுத்த கூட்டத்திற்கு எடுத்து வாருங்கள். இன்று வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையின் சைக்கிளருகே சென்று பிரேக் கம்பியை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும், அவ்வண்டி நாளைக் காலை சரிவில் இறங்கலாகாது. இவ்வளவே நமது விண்ணப்பம்.